பதினாலாவது மணி

போன வாரம் அத்தியாயத்தை எங்கே நிறுத்தினேன்? மணிலா சண்டைக்கான பத்திரிகையாளர் சந்திப்பில். அலி சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன ரப்பர் பொம்மையை வெளியே எடுத்த இடத்தில். என்ன பொம்மை அது என்று ஒரு வாரமாக யோசித்திருப்பீர்கள்.

கொரில்லா.

ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்தினார் அலி. மணிலாவும் கொரில்லாவும் எதுகையாகப் பொருந்திவிட்டன. ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி, ஜோ ஃப்ரேசியரின் பெயரையே கொரில்லா என்று ஆக்கிவிட்டார். நிருபர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கறுப்பின மனிதர் ஒருவரை இன்னொரு கறுப்பின மனிதர், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்படி அழைக்கிறார். டிக்கெட் விற்கத்தான் அதெல்லாம் என்று பின்னாளில் அலி சொல்வார். இருக்கலாம். ஆனால் கேட்டவர் மனத்தில் அது வேறு மாதிரி இறங்கியது.

ஏனென்றால் ஜோவுக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னதற்காக அலியின் பட்டம் பறிபோனது, உரிமம் பறிபோனது, வருமானமும் போனது. அப்போது பண உதவி செய்தவர்களில் ஜோவும் ஒருவர். பிலடெல்பியாவிலிருந்து நியூயார்க் வரை இரண்டு பேரும் ஒரே காரில் பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள். அலி மறுபடி வளையத்துக்குள் வர வேண்டும் என்று மனதார விரும்பினார் ஜோ. அலியை அடிக்காமல் தன் பட்டம் முழுசாகாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அலி திரும்பி வந்தார். வந்ததும் என்ன செய்தார்? ஜோவை வெள்ளைக்காரர்களின் ஆள் என்றார். அறிவில்லாதவர் என்றார். அழகில்லாதவர் என்றார். தென் கரோலினாவில் குத்தகை நிலத்தில் பாடுபட்டு வளர்ந்த ஜோவைப் பார்த்து, லூயிவில் நகரத்துப் பையன் சொன்ன பேச்சு அது. அதன் எச்சில் ஜோவின் பிள்ளைகள் மேலும் தெறித்தது. மகன் மார்விஸைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள்.

மார்விஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

1971-ல் நியூயார்க்கில் ஜோ வென்றார். பதினைந்தாவது சுற்றில் அலியைத் தரையில் சாய்த்த அந்த இடது ஹூக்கை மூன்று வாரங்களுக்கு முன் பார்த்தோம். 1974-ல் அலி வென்றார். ஆளுக்கு ஒன்று. இனி மூன்றாவது.

1975 அக்டோபர் 1. மணிலாவை ஒட்டிய கெஸோன் சிட்டி, அரநேத்தா அரங்கம்.

சண்டை தொடங்கியது காலை வேளையில். அமெரிக்காவில் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்காக வைத்த நேரம் அது. உள்ளே கூட்டம் நெருக்கியடித்தது. மேலே உலோகக் கூரை. அதற்குக் கீழே தொலைக்காட்சி விளக்குகள். குளிர்சாதனம் என்று ஒன்று இருந்தது, ஆனால் அத்தனை மூச்சுக்கும் அத்தனை விளக்குக்கும் அது ஈடு கொடுக்கவில்லை. முதல் மணி அடிப்பதற்கு முன்பே இரண்டு பேர் உடம்பும் நனைந்திருந்தது.

ஜோவின் மூலையில் நின்ற மனிதரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இன்றைய கதை அவருடையதும்தான்.

எடி ஃபட்ச். வயது 64. ஒல்லியான, அடங்கிய குரலில் பேசுகிற மனிதர். இளம் வயதில் டெட்ராய்ட்டில் ஜோ லூயிஸோடு பயிற்சிச் சண்டை போட்டவர். இதயத்தில் கோளாறு என்று மருத்துவர்கள் சொன்னதால் சொந்தச் சண்டைக் கனவு அதோடு முடிந்தது. ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியாளர் ஆனவர். ஜோவைக் கண்டெடுத்து வளர்த்த யாங்க் டர்ஹாம் 1973-ல் இறந்ததும் ஜோ இவர் கைக்கு வந்தார். அலியின் தாடையை உடைத்த கென் நார்டனும் இவர் பயிற்றுவித்த ஆள்தான். அலியை எப்படி அடிப்பது என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும் என்றால், அது ஃபட்ச்.

மணிலா வந்ததும் அவர் முதலில் பிடிவாதம் பிடித்தது நடுவர் விஷயத்தில். போன சண்டையில் அலி என்ன செய்தார்? ஜோ நெருங்கும்போதெல்லாம் பின்கழுத்தில் கையைப் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நடுவர் கண்டுகொள்ளவில்லை. இந்த முறை அது நடக்கக் கூடாது. உள்ளூர்க்காரரே நடுவராக இருக்கட்டும் என்று ஃபட்ச் வாதாடி வென்றார். கார்லோஸ் பதில்யா வந்தார். அலி கழுத்தைப் பிடித்தபோதெல்லாம் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

மணி அடித்தது.

அலி நகரவே இல்லை!

எப்போதும் ஆடி ஆடிச் சுற்றி வருகிற கால்கள் இன்று ஒரே இடத்தில் நின்றன. காரணம், ஜோ முடிந்துபோன ஆள் என்று அலி நம்பினார். இரண்டு வருடங்களுக்கு முன் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றில் ஜோவை ஆறு முறை தரையில் தள்ளியதை ஊரே பார்த்ததல்லவா? நின்ற இடத்திலிருந்து நாலு குத்து விட்டால் போதும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது அலியின் கணக்கு.

முதல் சுற்றுகளில் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஜோவின் தலை பின்னால் போய்ப் போய் வந்தது. முழங்கால்கள் தள்ளாடின.

ஆனால் விழவில்லை.

ஜோ எப்போதும் மெதுவாகச் சூடேறுகிற ஆள். நாலாவது, ஐந்தாவது சுற்றில் குனிந்து, தோளை ஆட்டிக்கொண்டு, மூச்சு இரைய உள்ளே வர ஆரம்பித்தார். தலையை விடு, உடம்பை அடி என்பது ஃபட்சின் பாடம். விலாவில் அடி. இடுப்பெலும்பில் அடி. கையால் மறைத்தால் அந்தக் கையிலேயே அடி. அலி கயிற்றில் சாய்ந்தார். ஆறாவது சுற்றில் அந்த இடது ஹூக் தாடையில் இறங்கியது. ஒன்றல்ல. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே படுத்திருப்பார்கள்.

ஏழாவது சுற்றின் ஆரம்பத்தில் அலி ஜோவின் காதருகே குனிந்தார். நீ முடிந்துவிட்டாய் என்று என்னிடம் சொன்னார்களே ஜோ, என்றார்.

அவர்கள் பொய் சொல்லியிருக்கிறார்கள், என்றார் ஜோ.

அடுத்த குத்து விலாவில்.

இந்த இடது கையைப் பற்றி முதல் அத்தியாயத்தில் சொன்னேன். சிறு வயதில் பண்ணைப் பன்றி துரத்த, விழுந்து கை அடிபட்டது. மருத்துவரிடம் போக வசதியில்லை. கை தானாகவே சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. அதற்கப்புறம் அந்தக் கையை முழுதாக நீட்டவே முடியவில்லை. கதிர் அரிவாள் போல வளைந்தே நின்ற கை. ஹூக் குத்துவதற்கென்றே அமைந்த கை என்று பிறகு உலகம் வியந்தது. அந்தப் பையனுக்கு அப்போது அது வெறும் வலி. அவன் அப்பாவுக்கோ இடது கையே இல்லை. அப்பாவின் இடது கையாக வயலில் நின்றவன், தன் இடது கை வலிக்கிறது என்று எப்படிச் சொல்வான்?

வலித்தால் வெளியே சொல்லக் கூடாது. ஜோ அங்கே கற்றுக்கொண்டது அதுதான்.

1964 டோக்கியோவை நினைத்துப் பாருங்கள். மாற்று ஆளாகப் போனவர். பஸ்டர் மாத்திஸின் கையில் அடிபட்டதால்தான் அவருக்கு இடமே கிடைத்தது. அரையிறுதியில் இடது கட்டைவிரல் உடைந்தது. சொல்லியிருந்தால் இறுதிச் சுற்றில் விட்டிருக்க மாட்டார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. உடைந்த விரலோடு ஏறி, ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை 3-2 என்ற கணக்கில் வென்று தங்கத்தோடு இறங்கினார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. பிலடெல்பியா திரும்பியதும் அதே விரலால் கசாப்புக் கூடத்தில் வேலை செய்ய முடியாமல், கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்தார். தங்கம் வாங்கியவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பணம் இல்லை என்று பத்திரிகையில் வந்து, ஊரார் உதவி அனுப்பிய கதையையும் பார்த்தோம்.

இப்போது மணிலாவில் அவர் மறைத்துக்கொண்டிருந்தது விரலை இல்லை.

கண்ணை.

ஜோவின் இடது கண்ணில் பார்வை மங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கண்புரை. கிட்டத்தட்ட ஒற்றைக் கண்ணோடுதான் உலகப் பட்டம் வென்றார், ஒற்றைக் கண்ணோடுதான் அலியைத் தரையில் சாய்த்தார். வெளியே தெரிந்தால் உரிமம் போய்விடும். பார்வைச் சோதனைகளை எப்படியோ தாண்டித் தாண்டி வந்தார். தன் சுயசரிதையில் இதை அவர் எழுதியது இருபது வருடங்களுக்குப் பிறகு.

ஆக, மணிலாவில் அவர் நம்பியிருந்தது வலது கண்ணை மட்டும்.

அலியின் குத்துகள் அந்த வலது கண்ணைத்தான் வீங்க வைத்துக்கொண்டிருந்தன.

பத்தாவது சுற்று முடிந்தபோது அலி தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். சாவுக்கு இவ்வளவு பக்கத்தில் போனதில்லை என்று இந்தச் சண்டையைப் பற்றி அவர் பிறகு சொன்னார். அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ தண்ணீரை ஊற்றி, திட்டி, கெஞ்சி எழுப்பி அனுப்பினார். எங்கிருந்து வந்ததோ அந்தத் தெம்பு! பதினொன்றில் கைகள் மறுபடி பறந்தன. பன்னிரண்டில் ஜோவின் முகம் முகமாக இல்லை.

குனிந்தே சண்டை போடுகிற ஜோவிடம், கொஞ்சம் பின்வாங்கி நிமிர்ந்து நில், அப்போதுதான் குத்து வருவது தெரியும், என்றார் ஃபட்ச். ஜோ நிமிர்ந்தார். தெரிந்தது அலிக்குத்தான்! அதுவரை ஆடிக்கொண்டே இருந்த தலை இப்போது நேராக நின்றது.

பதின்மூன்றில் ஒரு குத்தில் ஜோவின் பல் உறை வாயிலிருந்து தெறித்து, கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மிச்சச் சுற்றை ரத்தத்தைத் துப்பிக்கொண்டே முடித்தார்.

பதினாலு. இனி இதைச் சண்டை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அலியின் வலது கை ஜோவின் இடப்பக்கம் வந்தது. அந்தப் பக்கத்துக் கண் எப்போதோ போன கண். மறு கண் மூடிவிட்டது. ஒவ்வொரு குத்தும் இறங்கிய பிறகுதான் ஜோவுக்குத் தெரிந்தது. அப்போதும் முன்னாலேயே நடந்தார். ஒரு அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. அலியோ ஒவ்வொரு குத்தையும் தன் உடம்பின் கடைசிச் சொட்டிலிருந்து பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. ஜோவுக்குத் தன் மூலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நடுவர் திசை காட்டி அனுப்பினார்.

இனி ஒரு நிமிடம். அறுபது விநாடிகள்.

ஜோ ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபட்ச் எதிரே குனிந்தார். அந்த வலது குத்தில் ஏன் மாட்டிக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டார்.

தெரியவில்லை, என்றார் ஜோ. அந்தக் கை வருவது தெரியவில்லை.

மறைத்து மறைத்தே பழகிய மனிதர். பன்றி துரத்திய நாளிலிருந்து, டோக்கியோ அரையிறுதியிலிருந்து, ஒவ்வொரு கண் பரிசோதனையிலிருந்தும் மறைத்தவர். பதினாலு சுற்றுக்குப் பிறகு, அவரே சொல்லிவிட்டார்.

ஃபட்ச் மனத்தில் என்ன ஓடியிருக்கும்?

புள்ளிக் கணக்கில் அலி முன்னால். மூன்று பேர் அட்டையிலும் அவரே. ஜோ ஜெயிக்க வேண்டுமென்றால் அடுத்த மூன்று நிமிடத்தில் அலியை வீழ்த்த வேண்டும். அந்த இடது கைக்கு அது முடியாததல்ல. ஆனால் எங்கே அடிப்பது? எதிரே நிற்கிற ஆளே தெரியவில்லையே!

இன்னொன்றும் ஓடியது. வளையத்தில் அடிபட்டுச் செத்தவர்களை ஃபட்ச் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். ஜோவின் பிள்ளைகளை அவருக்குத் தெரியும். எவ்வளவு நல்ல அப்பா என்பதும் தெரியும். அந்தப் பிள்ளைகள் வளர்வதை ஜோ பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தான் நினைத்ததாகப் பிறகு சொன்னார். இது உலகப் பட்டச் சண்டை. மிச்சம் மூன்றே நிமிடம். நிறுத்தினால் ஜோ மன்னிக்க மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஜோ, நிறுத்திவிடப் போகிறேன், என்றார்.

ஜோ துள்ளி எழுந்தார். வேண்டாம், அதை எனக்குச் செய்யாதீர்கள் என்றார். அந்த ஆள் எனக்கு வேண்டும் என்றார்.

ஃபட்ச் அவர் தோளில் கை வைத்தார்.

"உட்கார் மகனே. முடிந்துவிட்டது. இன்று இங்கே நீ செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள்."

ஜோ உட்கார்ந்தார். நடுவருக்குச் சைகை போனது.

எதிர் மூலையில் என்ன நடந்துகொண்டிருந்தது? இங்கேதான் அரை நூற்றாண்டாக வாக்குவாதம் ஓயவில்லை. கையுறையை வெட்டி எடுங்கள் என்று அலி தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார் என்கிறது ஒரு கட்சி. அலி பதினைந்துக்கு எழுந்து போயிருப்பார், நான் அனுப்பியிருப்பேன் என்று சாகும்வரை சாதித்தார் டண்டீ. அலி என்ன சொன்னார் தெரியுமா? ஜோ விட்டுவிட்டார், எனக்கு ஒரு கணம் முன்னால், என்றார். இனிமேல் சண்டை போட முடியும் என்று எனக்கே தோன்றவில்லை என்றும் சொன்னார்.

ஒரு கணம்!

பத்து விநாடி பொறுத்திருந்தால் மணிலாவில் ஜெயித்தவர் ஜோவாக இருந்திருப்பார் என்று ஃபட்சைக் குறை சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சேர மாட்டேன். எதிர் மூலையில் அலி மனத்தில் ஓடியது ஃபட்சுக்கு எப்படித் தெரியும்? அவர் கண் முன்னால் இருந்தது ஒரு முகம். இரண்டு கண்ணும் போன முகம். அதைப் பார்த்து எடுத்த முடிவு அது. ஜோவுக்கு அதற்குப் பிறகு 36 வருட ஆயுள் இருந்தது.

தன்னை வென்றவராக அறிவித்ததும் அலி ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஒரு கையை உயர்த்தினார். அடுத்த நொடி கால் மடங்கித் தரையில் சரிந்தார். பட்டம் அவருடையது. எழுந்து நிற்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பதினாலு சுற்றும் நடுவே ஓய்வும் சேர்த்து 55 நிமிடம். அதற்குள் இரண்டு பேரும் தங்களிடம் இருந்ததையெல்லாம் அங்கே கொட்டிவிட்டார்கள். இருவரும் அதற்குப் பிறகும் சண்டை போட்டார்கள். ஆனால் அந்தப் பழைய ஜோவும் அந்தப் பழைய அலியும் எந்த வளையத்துக்கும் திரும்பி வரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடித்துக்கொண்டார்கள், கை குலுக்கினார்கள், பிரிந்தார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த வீரருக்குப் போயிருக்கலாம்.

அப்படி நடக்கவில்லை.

ஜோவின் உடைமாற்றும் அறையில் அவருடைய முகத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்தபடி ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பள்ளியில் அலியின் பேச்சால் கேலிக்கு ஆளான அதே பையன். மார்விஸ். இப்போது வயது 15.

ஆள் வந்து சொன்னார்கள். அலி உன்னைக் கூப்பிடுகிறார்.

ஜோவை இல்லை. ஜோவின் மகனை.

தன் அப்பாவைக் கொரில்லா என்று உலகத்துக்கே சொன்ன மனிதரின் அறை அது. பையன் போனான். அலி அவனிடம் ஒரு செய்தி சொன்னார், அவன் அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி. பையன் அதை வார்த்தை பிசகாமல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். கண் மூடிக் கிடந்த ஜோ கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வர இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆனது.

அலி அனுப்பிய செய்தி என்ன? ஜோ கேட்ட கேள்வி என்ன?

அடுத்த வாரம்.